நிலுவை இல்லாத வண்டி

மனித குலத்தின் குறைகளைத் தீர்க்க எத்தனையோ மகான்கள் அவதரித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு விழுப்புரத்தில் குடித்தனம் நடத்தும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அவர் என் கணவர் மாரியப்பன். ஓர் அலுவலகத்தின் மனுப் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்கள் வருத்தப்படும்.

அவர் பணியில் இருந்தவரை அவர் மேசையில் ஒரு மனுகூட நிலுவையில் இருந்ததில்லை. காலையில் வந்த மனு மாலைக்குள் 'தீர்வு' கண்டுவிடும். மனு கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பது வேறு விஷயம். அதற்கு அந்தப் பிரிவில் பணியிடம் ஒதுக்கப்படவில்லை. ஓய்வு பெற்ற அன்று 'நிலுவையே இல்லாத நிர்வாகி' என்று பொன்னெழுத்தில் பொறித்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டு ஷோகேசில் நடுநாயகமாக இருக்கிறது. அதைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு.

இப்பேர்ப்பட்டவரின் காரில் ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மெக்கானிக் என்பவன் குறையைக் கண்டுபிடிப்பவன்; குறையைத் தீர்ப்பது அதைவிட உயர்ந்த கலை என்று விளக்கினார்.

பிறகு செல்போனிலேயே தேடி ஒரு கருவியை வரவழைத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டீயரிங்குக்கு அடியில் அதைச் செருகினால், வண்டிக்கு என்ன கோளாறு என்பது ஓர் எண்ணாகச் செல்போனில் வரும். அந்த எண்ணுக்குக் கீழே, அதை அழித்துவிட 'எரேஸ்' என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த ஒளியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அழுத்தினார். விளக்கு அணைந்தது.

"அவ்ளோதான், தீந்துபோச்சு," என்றார். "இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு இருந்தியே."

மறுநாள் விளக்கு மறுபடி எரிந்தது. மனுதாரரின் முந்தைய மனுவுக்கு ஏற்கெனவே தக்க பதில் வழங்கப்பட்டுவிட்டது என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழித்தார். அதற்கும் அது அடங்கவில்லை. அதனால் திங்கட்கிழமைதோறும் எங்கள் கார் ஷெட்டில் குறைதீர்க்கும் நாள் நடக்கலாயிற்று. இஸ்திரி போட்ட சட்டையோடு டிரைவர் சீட்டில் அமர்வார். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். எண்ணைப் பார்த்து, முழுவதும் கேட்டுக்கொண்டதுபோல் தலையை ஆட்டுவார், அழிப்பார். அந்த எண் என்னதான் சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் படிச்சிக்கினு இருந்தா எப்ப தீத்து வெக்கிறது?" என்றார்.

அதே ஷெட்டில், வல்லத்திலிருந்து என் அண்ணன் அனுப்பிய மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஒன்று காரை ஒட்டிக் கிடந்தது. ராத்திரியானால் எலி ஓடுகிறது, காருக்கு அடியில் மல்லாட்டைத் தோல் கிடக்கிறது என்று நானும் வாய்மொழியாக ஒரு மனு கொடுத்தேன். அது 'உரிய நடவடிக்கைக்காக' எதிர்வீட்டுப் பூனைக்கு அனுப்பப்பட்டது.

எங்கள் ஒரே மகள் சங்கவியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது முறை. தலைப்பிரசவம், எங்கள் வண்டியிலேயே டிரைவர் வைத்து அனுப்புகிறேன் என்றார் சம்பந்தியம்மா பிரபாவதி. இவர் விடுவாரா? பெண்ணை அப்பன் வண்டியில்தான் அழைத்துப் போகவேண்டும் என்றார். வண்டி நல்லபடியாக இருக்கிறதா என்று அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நம்ம வண்டியில ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட நிலுவையில இல்லங்க," என்றார் என் கணவர்.

அதில் பொய் ஏதுமில்லை. வரும் வழியில் விக்கிரவாண்டியில் எரிந்த விளக்கை நானே அவர் ஆணைப்படி அழித்திருந்தேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவது விதிமீறல் என்பதால் அந்த அதிகாரம் எனக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது.

திரும்பும்போது திண்டிவனம் தாண்டியதுமே விளக்கு எரிந்தது. அழித்தேன். எரிந்தது. அழித்தேன். கார் குலுங்க ஆரம்பித்தது. பின் சீட்டில் சங்கவியின் கண்ணாடி வளையல்களும் குலுங்கின. கொஞ்ச தூரம் போனதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வலிக்கிற மாதிரி இருக்குது."

"ஒம்பதாம் மாசம் அப்பிடித்தாம்மா இருக்கும். பொய் வலி. கண்ண மூடிக்கினு சாஞ்சிக்க, போயிடும்."

"எனக்கும் எரேஸ் பட்டன அழுத்துறீங்களாப்பா?" என்றாள் சங்கவி.

அவர் என் பக்கம் திரும்பினார். "செண்பகம், லைட்டு எரியுது பாரு, அழுத்து," என்றார். அவர் சொன்னதைச் செய்து இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகப் போய் அழுத்திவிட்டது. விளக்கு அணைந்தது. கூடவே இன்ஜினும் அணைந்தது.

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். லாரிகள் எங்களை ஆட்டிவிட்டுப் போயின. என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அவரே பலமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, கோளாறு எதுவும் இல்லை என்று காட்டுகிறதே என்றார். சங்கவிக்கு வலி விட்டுவிட்டு வந்தது. வந்தபோதெல்லாம் என் கையை நெரித்தாள். அவரைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது மரக்காணத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போகும் குட்டியானை வண்டி ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. ஓட்டிவந்தவர் பெயர் கண்ணையன். பானட்டைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். என் கணவர் கம்பீரமாக முன்னால் போய், அதை எங்கே பிடித்துத் திறப்பது என்று தேடினார். கண்ணையன் கைவிட்டுத் தூக்கினார்.

உள்ளே மல்லாட்டைத் தோலால் மெத்தை போட்டிருந்தது. சுற்றிலும் கடித்துக் குதறிய ஒயர்கள். மெத்தை நடுவில் ஒரு தாய் எலி. அதன் வயிற்றோரம் இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

"சார், இங்க ஏற்கெனவே ஒரு பிரசவம் ஆயிருக்குது," என்றார் கண்ணையன். "நம்ம பாப்பாவுக்காவது ஆஸ்பத்திரியில ஆவட்டும். ஏறுங்கம்மா, ஜல்தி."

சங்கவிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவளும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். நிர்வாகி பின்னால் மீன் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் கண்ணையனின் வண்டியில் ஏதாவது விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே எரியவில்லை. மெதுவாக விசாரித்தேன்.

"பல்பெல்லாம் எப்பவோ பீஸ் பூடுச்சிம்மா," என்றார்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை எனக்குத் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் மனுப் போட்டேன். அவர்கள் படித்துப் பார்த்திருக்க வேண்டும். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில், வளைகாப்புப் பட்டும் சந்தனமும் மீன் வாடையுமாகச் சங்கவியை இறக்கினோம். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அழுதுவிட்டேன்.

மாலையில் பிரபாவதி அம்மா பதறிக்கொண்டு வந்து, வண்டியில் என்னதான் கோளாறு என்று கேட்டார். என் கணவர் சட்டையில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நம்ம பக்கம் தப்பே இல்லங்க," என்றார். "வண்டி நிக்கிற நிமிசம் வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட நிலுவையில இல்ல. வேணும்னா செண்பகத்தக் கேளுங்க."

சத்தியமான வார்த்தை. கடைசிக் கம்ப்ளெய்ன்ட்டை அழித்தவளே நான்தானே.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு வழக்கம்போல் கேடயத்தைத் துடைத்தேன். பொன்னெழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் கேட்டு வந்தவர்கள், தெருக்குழாயில் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் என்று அத்தனை பேருடைய விளக்கையும் அணைத்து வாங்கிய கேடயம். அவர்களெல்லாம் எந்தெந்தக் கூட்டேரிப்பட்டில் இறங்கி நின்றார்களோ தெரியாது. எல்லோருக்குமா மீன் வண்டி வந்திருக்கும்?