டாக்டருக்கும் தெரியாத மருந்து

மருந்து கொடுக்கிற டாக்டருக்கே அது மருந்தா, வெறும் சர்க்கரைத் தண்ணீரா என்று தெரியாதாம். இதைக் கேட்ட அன்றே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். டாக்டருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுவது!

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். எங்கள் பையன் முத்துவீரனுக்கு ஆறு வயது. மழைக்காலம் வந்தால் அவனுக்கு இழுப்பும் வந்துவிடும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா குழந்தைகளின் இழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவி வெள்ளைத்தாயும் பையனோடு ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்காவும் தன் மகள் தங்கபாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் அதே இழுப்பு.

டாக்டரம்மா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்.

“பாதிப் பிள்ளைகளுக்குப் புது மருந்து. மீதிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைத் தண்ணி. எது யாருக்குன்னு எனக்கே தெரியாது. மதுரையில இந்த ஆராய்ச்சிய நடத்துறவங்களுக்குத்தான் தெரியும்.”

“தெரியாமலேயா குடுக்கீக?” என்றேன்.

“தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். ஆராய்ச்சி தப்பாயிரும். பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகும். இழுப்பு கூடினா உடனே வாங்க, அதுக்கு வேற மருந்து இருக்கு.”

தீபாவளிக்குள் தங்கபாய் தெருவில் பாண்டி ஆடினாள். எங்கள் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி வெள்ளைத்தாய், நமக்குத் தண்ணியத் தந்து ஏமாத்திட்டாக!”

“யாரு ஏமாத்துனா? அவியளுக்கே தெரியாதுல்லா?”

“தெரியாமலே ஏமாத்திட்டாக!”

“தெரியாம எப்படி ஏமாத்த முடியும்?”

“அதான் எனக்கும் புரியல.”

“புரியலன்னா சும்மா இருங்க. ஜெயபாயக்கா வீட்டு மருந்து அலமாரியவே முறைச்சுக்கிட்டு நிக்காதீக.”

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாய் குடும்பம் சர்ச்சுக்குப் போனது. சாவி வழக்கம்போல எங்கள் வீட்டில். வெள்ளைத்தாயும் குடத்தோடு குழாயடிக்குப் போய்விட்டாள். எங்கள் பாட்டிலைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். தங்கபாய்க்குத்தான் சுகமாகிவிட்டதே, இனி அவளுக்கு மருந்து எதற்கு? இப்படி எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். எங்கள் பாட்டிலில் இருந்ததைத் தம்ளரில் ஊற்றினேன். அவர்களுடையதை எங்கள் பாட்டிலுக்கு மாற்றினேன். தம்ளரில் இருந்ததை அவர்கள் பாட்டிலில் ஊற்றினேன். ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை.

அடுத்த வாரம் முத்துவீரன் படுத்துத் தூங்கினான். அதற்கடுத்த வாரம் தெருவில் இறங்கி ஓடினான். நான் வேலை பார்த்த மில்லில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆனால் தங்கபாயும் ஓடினாள்! அவனை முந்திக்கொண்டு ஓடினாள்.

தண்ணீர் குடிப்பவளுக்கு இழுப்பு திரும்ப வரவேண்டாமா? அப்படியானால் இரண்டும் மருந்தா? இல்லை, இரண்டும் தண்ணீரா? தம்ளரில் ஏதாவது தடுமாறிவிட்டேனா? யோசிக்க யோசிக்க எனக்கே மூச்சு வாங்கியது. தாங்க முடியாமல் வெள்ளைத்தாயிடம் போய் நின்றேன்.

“ஏட்டி, பாட்டில்ல இருந்த மருந்த மாத்துனது நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா!”

“அவிய சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முந்தியே, நானும் ஜெயபாயக்காவும் ரெண்டையும் மாத்தி ஊத்தி வச்சிட்டோம். பொறவு நீங்க போயி மாத்துனீக. அவுகவுக மருந்து அவுகவுக பாட்டிலுக்கே வந்து சேந்திருச்சு.”

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். அவர்களுடையது எங்களிடம். எங்களுடையது அவர்களிடம். நான் போய் எங்களிடம் இருந்த அவர்களுடையதை... விரல்கள் போதவில்லை.

“அப்போ இவன் இம்புட்டு நாளும் குடிச்சது?”

“டாக்டரம்மா இவனுக்குத் தந்ததேதான்.”

“அது மருந்தா, தண்ணியா?”

“யாருக்குத் தெரியும்?”

“என்னைத் தடுத்திருக்கலாம்லட்டி?”

“தடுத்தா இன்னொரு நாளு மாத்துவீக. எங்களால எம்புட்டு நாளைக்குக் காவல் இருக்க முடியும்?”

“அது சரி. நான் அன்னைக்குத்தான் மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

வெள்ளைத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மருந்து எதுன்னுதான் யாருக்கும் தெரியாது. நீங்க என்ன செய்வீகன்னு தெரு பூராவும் தெரியும்.”