தனியறைக்குப் போர் தொடுத்த ரத்தினசாமி

வாழ்க சிவகாசி அச்சுக்கூடத்து அரிமா! ஆண்டுக்கு நாலு லட்சம் நாட்காட்டி அடித்துத் தள்ளும் செம்மல், அகவை அறுபத்தொன்பது கண்ட ரத்தினசாமி வாழ்க! அவர் செருக்கு மலையினும் பெரிது. அவர் குருதியில் ஓடிய சர்க்கரையோ கடலினும் பெரிது.

பகை மூண்ட காரணம் கேண்மின். பித்தப்பையை அறுத்தெறிந்து மதுரையிலிருந்து மீண்ட மைத்துனர் ராஜபாண்டியன், தமது காப்பீட்டால் கிடைத்த குளிரூட்டிய தனியறையின் பெருமையை ஒரு கல்யாண வீட்டின் மூன்று பந்தியிலும் முழங்கினார். ரத்தினசாமியும் மனைவியும் வைத்திருந்த பாலிசியோ இருவர் படுக்கும் அறைக்கே செல்லும். பாயசத்தைப் பாதியில் விட்டெழுந்த வீரர், தனியறை தரும் கம்பெனிக்கு மாறாமல் ஓயேன் என்று இலைமுன் சூளுரைத்தார்.

மனைவி ஞானசுந்தரி தன் வீங்கிய முழங்காலைத் தடவியபடி சொன்னாள்: "என் மூட்டு ஆபரேசனுக்குப் பணம் தர பாலிசியில போட்டிருந்த மூணு வருசக் காத்திருப்பு இப்பத்தான் முடிஞ்சிருக்கு. அதக் கெடுத்துராதீக."

புகழ்வேட்கையால் அடைபட்ட செவியில் அச்சொல் புகுமோ? கம்பெனி மாறினாலும் காத்திருந்த காலம் வீணாகாது, நோயை மறைத்தால்தான் வினை என்று விளக்கிய முகவர் ஸ்ரீமதி, "சுகர் இருக்குன்னு எழுதிருங்கய்யா" என்று மன்றாடினாள். ரத்தினசாமியின் வேல்நிகர் பேனாவோ விண்ணப்பத்தில் 'இல்லை' என்ற கட்டத்தையே குத்திக் கிழித்தது.

அடுத்தது பரிசோதனைக் களம். மூன்று நாள் சோறு துறந்து, பாகற்காய்ச் சாறு பருகி, முனிவரும் நாணத் தவமிருந்து, போர்க்களம் புகும் களிறென ஆய்வகம் புகுந்து குருதி ஈந்தார். அந்தோ, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் சோதனையும் உலகில் உண்டென்பதை அப்பேரறிவாளர் அறிந்திலர். தீபாவளி சீசனில் அவர் உண்ட அல்வாவெல்லாம் படைதிரண்டு சாட்சி சொல்ல, நோயை மறைத்தமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதென்று புதிய கம்பெனி இரண்டே வரியில் அவர் கொடியைச் சாய்த்தது.

அதற்குள் பழைய பாலிசி முடிந்து இருபத்தெட்டு நாள் கழிந்திருந்தது. புதுப்பிக்கக் கெடு முப்பதே நாள்; இன்னும் இரண்டு நாள் தவறினால் ஞானசுந்தரியின் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்கு நடந்ததை அன்றுதான் அந்த மாவீரர் ஏறிட்டுப் பார்த்தார். முறுக்கிய மீசையைத் தடவித் தாழ்த்தி, செருப்பை மாட்டிக்கொண்டார்.

பழைய கம்பெனியிலேயே பணத்தைக் கட்டிவிட்டு, வரும் வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்தார்.