பெரியமுள்ளார் காலாட்படைக்கு ஆள் தேவை

ஒரு காட்டில் செல்போன் டவர் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்தக் காட்டில் இரை தேடுகிறவர்கள் குறைந்துபோய் சிக்னல் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வீரபாகுவின் கதையை.

வீரபாகு ஒரு முள்ளம்பன்றி. குணத்தில் தங்கம், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. அவனுக்கு ஆன்லைன் போர் விளையாட்டு ஒன்றில் பைத்தியம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டைகளை அப்படியே ஆடுகிற விளையாட்டு அது. ஆடுகிற படை ஒவ்வொன்றும் பழங்காலத்தில் நிஜமாக இருந்த படையாக இருக்க வேண்டும். தோளோடு தோள் உரச வரிசையில் நிற்க வேண்டும். தலைவன் சொன்னால்தான் சுட வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க அரை நிமிஷம் ஆகும். அதற்குள் எதிரி சுட்டுவிட்டால் மரியாதையாக விழுந்து சாக வேண்டும். இதை ஞாயிறு தவறாமல் ஆடிவிட்டு, கேட்டால் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

வீரபாகு நடத்தியது பெரியமுள்ளார் காலாட்படை. தளவாய் பெரியமுள்ளார் அவனுடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா. கள்ளிப்பள்ளம் போரில் படையை நடத்திவிட்டு, உடம்பில் ஒரு முள்கூடக் குறையாமல் வீடு திரும்பிய மாவீரர் என்று குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். படையின் கொடியில் அவர் முகம்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் வீரபாகு காலையில் கிழங்கு தின்னமாட்டான்.

படை இருந்தது, கொடி இருந்தது, ஆள்தான் இல்லை. அவனையும் சேர்த்து மொத்தம் ஒருவன்.

விளையாட்டை நடத்துகிறவர்கள் கொக்குகள். அவர்களிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரோடு களத்துக்கு வர வேண்டும், சரித்திரத்தில் நடந்தபடியே ஆடிக் காட்ட வேண்டும், தவறினால் படையின் பெயரும் கொடியும் அடுத்த மனுதாரருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அடுத்த மனுதாரர் மருதப்பன் என்கிற கழுதைப்புலி. வேறு காட்டிலிருந்து வந்தவன். அவனிடம் நாற்பது ஆட்கள் இருந்தார்கள், சரித்திரம்தான் இல்லை. கொடியிலிருந்து பெரியமுள்ளாரை எடுத்துவிட்டுத் தன் பல்லிளிப்பைப் போடுவதாக அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். வீரபாகுவிடமே வந்து கேட்டான்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குண்ணே பேர்ப்பலகை?"

வீரபாகு விடவில்லை. அன்றைக்கே போஸ்டர் அடித்து ஆலமரத்தில் ஒட்டினான். 'வீரம் உண்டா? ஒழுக்கம் உண்டா? ஆணை வரும்வரை அசையாமல் நின்று சாகத் தயாரா? வாருங்கள்!' கூடவே முப்பத்தோரு கேள்விகளோடு ஒரு ஃபாரம். 'கடைசியாக எப்போது வரிசையில் நின்றீர்கள்? யார் சொல்லி நின்றீர்கள்?' என்பது அதில் ஒரு கேள்வி. இப்படிக் கேட்டால் எவன் வருவான், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு குரங்கு வந்தது.

"வரிசையில எல்லாம் நிக்க வராதுங்க. மரத்து மேல ஏறிச் சுடலாமா?"

"அந்தக் காலத்துல யாரும் மரத்துல ஏறிச் சுடலப்பா. சரித்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்தக் காலத்துல குரங்கே இல்லையா?"

வீரபாகு முப்பத்தோரு கேள்வி ஃபாரத்தை நீட்டினான். குரங்கு போய்விட்டது. அப்புறம் ஒரு கிளி வந்து, சேர்ந்தால் கேப்டனாகத்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. அதுவும் போனது. கடைசியில் வந்தவன் மொக்கராசு என்கிற எருமை.

"சும்மா நின்னா போதுமா?"

"சும்மா இல்ல. குண்டு வந்தாலும் நிக்கணும்."

"அது என்ன பெரிய விஷயம்," என்று மொக்கராசு கையெழுத்துப் போட்டான்.

ஆக இரண்டு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி முயற்சியாக வீரபாகு ஆலமரத்தடியில் ஒரு கூட்டம் போட்டான். வேடிக்கை பார்க்க நாலைந்து முயல்களும் மான்களும் வந்து உட்கார்ந்தன. 'வீரம் என்பது யாதெனில்' என்று அவன் ஆரம்பித்த நேரம், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இது நம்ம பெரியமுள்ளார் படையா தம்பி? நான் அதுல இருந்தவன்."

பார்த்தால் ஓர் ஆமை. பெயர் பூவலிங்கம். ஓடெல்லாம் பாசி. வயது இருநூற்றிருபது என்றார். வீரபாகுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கள்ளிப்பள்ளத்தைக் கண்ணால் கண்டவர்! அவரைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுவந்தான்.

"ஐயா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. இவங்க கேக்கட்டும்."

"என்ன நடந்துச்சு? நாங்க இந்தப் பக்கம் நின்னோம். அவங்க அந்தப் பக்கம் நின்னாங்க. அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினார். ஓடிட்டோம்."

"யாரு ஓடினது? எதிரியா?"

"எதிரி எதுக்குப்பா ஓடுறான்? தும்மினதே அவன்தானே. நாங்கதான் ஓடினோம். முதல்ல உங்க கொள்ளுத்தாத்தா, அவருக்குப் பின்னாடி முரசு, அப்புறம் நாங்க. ஐயாவோட வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியல. கத்தியைக்கூட வாய்க்கால்ல போட்டுட்டு ஓடினார்."

"நீங்க?"

"நான் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். வழியில போஸ்டரைப் பாத்தேன், நின்னேன்."

வீரபாகு கொடியில் இருந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். ஒரு முள் குறையாமல் வந்தாராம்! எப்படிக் குறையும்? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றான் பாவம்.

அப்போது செவந்தி என்கிற முயல் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அண்ணே, அப்ப நாம சரித்திரப்படி ஓடணுமா?"

"ஆமா," என்றான் வீரபாகு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஓடினா மட்டும் போதுமா? வேற ஒண்ணும் கேக்கமாட்டீங்களே?"

"ஒண்ணும் கேக்கல."

"இதை முதல்லயே போஸ்டர்ல போட்டிருந்தா என்னண்ணே!" என்று செவந்தி கோபித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். விடிவதற்குள் காட்டில் இருந்த முயல், மான், காடை, கௌதாரி எல்லாம் ஃபாரம் கேட்டு வரிசையில் நின்றன. முப்பத்தோரு கேள்விகளில் முப்பதை அடித்துவிட்டு, 'எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள்?' என்ற ஒன்றை மட்டும் வைத்தார்கள். குரங்குகூடத் திரும்பி வந்தது. வீரபாகுவுக்கு இது சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. ஆனால் கொடி கைவிட்டுப் போகக்கூடாது, தாத்தா முகம் இருந்த இடத்தில் கழுதைப்புலியின் பல் வரக்கூடாது. அதற்காகச் சனிக்கிழமை முழுக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தான். யார் முதலில் ஓடுவது, முரசு எங்கே விழுவது, கத்தி எந்த வாய்க்காலில் போவது என்று பூவலிங்கம் சொல்லச் சொல்ல, போன் திரையில் ஓடிக் காட்டிக் கற்றுக்கொடுத்தான்.

ஞாயிறு நாலு மணிக்கு அறுபது பேர் போனைத் திறந்து களத்துக்கு வந்தார்கள். எதிரே, அன்றைய எதிரியின் இடத்தில் கொக்குகள் நிறுத்தி வைத்த மருதப்பன் படை. சரித்திரப்படி அந்தப் பக்கம் ஒருவர் தும்ம வேண்டும், வேறு வழியில்லாமல் மருதப்பனே மைக்கில் தும்மினான். தும்மியதுதான் தாமதம், பெரியமுள்ளார் படை பறந்தது. கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று மார்க் போட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மொக்கராசு ஓடாமல் நின்றதற்கு இரண்டு மார்க் குறைத்துவிட்டார்கள்.

"ஏண்டா ஓடல?" என்று கேட்டான் வீரபாகு.

"நிக்கச் சொல்லித்தானே என்னைச் சேத்தீங்க?" என்றான் மொக்கராசு.

பெயரும் கொடியும் வீரபாகுவுக்கே நிலைத்தன. கதையை இங்கேயே முடித்திருந்தால் அவனும் நிம்மதியாக இருந்திருப்பான். ஆனால் படை ஒரே மாதத்தில் நானூறு பேராகி, பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் ஓட வந்தார்கள். ஞாயிறுதோறும் அவன் முதலாளாக ஓடினான். ஓட்டம் முடிந்து கொடியில் தாத்தா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கசந்தது.

ஐந்தாவது ஞாயிறு, ஓடிக்கொண்டிருக்கும்போது மருதப்பன் பின்னாலிருந்து மைக்கில் சிரித்தான்.

"ஓடுங்கண்ணே ஓடுங்க! அந்த ரத்தம் எங்க போகும்?"

வீரபாகு நின்றுவிட்டான். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. திரும்பினான். துப்பாக்கியைத் தூக்கி, அவனும் அவன் குடும்பமும் இருநூறு வருஷமாகச் சுடாத ஒரு குண்டைச் சுட்டான். திரையில் மருதப்பன் சுருண்டு விழுந்தான். தலைவன் விழுந்ததும் கழுதைப்புலிப் படை கலைந்து சிதறியது. சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் பெரியமுள்ளார் படை ஜெயித்தது. நான்கூட இதைக் கேட்டபோது சபாஷ் என்று துள்ளிக் குதித்தேன், பொய் சொல்லவில்லை.

வீரபாகு நெஞ்சை நிமிர்த்தித் தன் ஆட்களிடம் திரும்பினான். அங்கே எழவு வீடு மாதிரி இருந்தது. செவந்தி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுறே? ஜெயிச்சிட்டோம்ல!"

"இருநூறு வருஷமா கட்டிக் காத்த பேரை ஒரே குண்டுல கெடுத்துட்டீங்களேண்ணே!"

"இது என் கொள்ளுத்தாத்தா படைம்மா."

"அதனாலதான் மனசு ஆறல. அவர் மட்டும் இன்னைக்கு இங்க நின்னு இதைப் பாத்திருந்தா..."

"நின்னிருக்கமாட்டார்," என்றார் பூவலிங்கம்.

கொக்குகள் சுழி போட்டுவிட்டன. அன்றைக்கே படை கூடி ஓட்டெடுப்பு நடத்தியது. சரித்திரத்துக்கு விரோதமாக நின்றது, நின்றதோடு சுட்டது, சுட்டதோடு ஜெயித்தது என்று மூன்று குற்றங்கள். வீரபாகு பக்கம் ஒரு கைகூட எழவில்லை. மொக்கராசு யார் பக்கமும் கை தூக்காமல் நின்றுகொண்டிருந்தான். செவந்தி புதுத் தளவாய் ஆனாள். 'நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று போனில் வந்த வரியை வீரபாகு திரும்பத் திரும்பப் படித்தான். கொடியும் பெயரும் தாத்தா முகமும் உள்ளே இருந்தன, அவன் மட்டும் வெளியே இருந்தான்.

மறுநாள் மருதப்பனிடமிருந்து செய்தி வந்தது.

"அண்ணே, குறி பாத்துச் சுடுறீங்க. எங்ககிட்ட வந்துருங்க. எங்களுக்குச் சரித்திரமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"வந்து என்ன பண்ணணும்?"

"துரத்தணும். உங்க ஆளுங்களைத்தான்."

வீரபாகு இரண்டு நாள் கிழங்கு தின்னவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். இப்போது ஞாயிறுதோறும் நாலு மணிக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் முகம் போட்ட கொடியைக் கத்திக்கொண்டே துரத்துகிறான். இதுவரை கிட்டக்கூட நெருங்க முடியவில்லை. பயிற்சி கொடுத்தது அவனாயிற்றே, பிசகாமல் ஓடுகிறார்கள்.

நீதி: தைரியம் வந்தால் சட்டென்று வெளியே காட்டிவிடாதீர்கள், அது உங்கள் பரம்பரையில் இருந்ததா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.