பச்சைப்புள்ளி சாரின் சைவ மீன்

புனேயிலேயே அதிக உயிர்களைக் காவு கொடுத்த சுத்த சைவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பச்சைப்புள்ளி சாரைத்தான் காட்டுவேன்.

ஔந்து பகுதியில் அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். திருநெல்வேலிக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனியாள். பிஸ்கட் பாக்கெட்டானாலும் சைவத்துக்கான பச்சைப்புள்ளியைக் கண்ணாடி போட்டுத் தேடிப் பார்த்த பிறகே வீட்டுக்குள் விடுவார். என்னை விட்டது அதிசயம்.

"தம்பி சைவமா?"

"வெளியில சாப்பிடுவேன் சார்."

"வாயைக் கழுவிட்டு வரணும். வயித்தைக் கழுவ முடியாது, அது உன் பாடு."

இப்படிப்பட்டவர் கூடத்தில் தொட்டி வைத்து வளர்த்தது ஆஸ்கர் மீன். சிக்லிட் இனத்திலேயே பெருந்தீனிக்காரன். எதிரே நீந்துவதை விழுங்குவது அதன் குலத்தொழில். சார் அதற்கு வைத்த பெயர் சாந்தமூர்த்தி. மீன் தீனிப் பாக்கெட்டில் பச்சைப்புள்ளி இல்லாததால் வேகவைத்த பட்டாணிதான் போடுவார்.

"எல்லாம் பழக்கம்டே. கறின்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது."

சார் வெளியே போனால் சாந்தமூர்த்தி கண்ணாடியில் முட்டிக்கொள்ளுமாம். தனிமையாம். துணை தேடத் தொடங்கினார். முதலில் விரல்நகம் அளவில் நியான் டெட்ரா ஒரு கூட்டம்.

"சின்னப் பிள்ளைகளைப் பாத்தா பிரியம் வரும்லா?"

வந்தது. காலையில் ஒன்றுகூட இல்லை.

"ஃபில்டருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். கூச்ச சுபாவம்."

அடுத்து கப்பிகள். அவையும் கூச்ச சுபாவம். பிறகு கறுப்பு மோலிகள். அந்த ஃபில்டருக்குப் பின்னால் அரபிக்கடலே குடியிருந்திருக்க வேண்டும். சாந்தமூர்த்தி மட்டும் மாப்பிள்ளைபோல் பளபளவென்று பருத்தது. "பட்டாணிச் சத்தைப் பாத்தியாடே" என்பார். கடைக்காரனோ "ஏக்தம் ஷாந்த் மச்லி, அங்கிள்", பரம சாதுவான மீன் என்று, அடுத்த சாதுக்களைப் பையில் அள்ளிக் கட்டிக் கொடுப்பான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் படித்துப் பார்க்கும் வியாதி உண்டு. படித்துப் போய்ச் சொன்னேன்.

"அதோட வாயில அடங்காத மீனா விடணும் சார். குணமும் ஒத்துப் போகணும்."

"கறி திங்கிறவன் புத்தி வாயை விட்டு நகராது" என்றார். ஆனால் மறுநாளே நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் ஒன்றைக் கொண்டுவந்தார். அளவைக் கேட்டுக்கொண்டார், குணத்தை விட்டுவிட்டார். "நெத்தியைப் பாருடே, படிச்ச களை" என்று பூரித்தார்.

படித்தவன் மாலைக்குள் சாந்தமூர்த்தியின் துடுப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டான். அவனைக் கடைக்கே திருப்பி அனுப்பினோம். சாந்தமூர்த்தி தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. பட்டாணி விழுந்தால் திரும்பிக்கொண்டது. சாரும் தட்டை ஒதுக்கிவிட்டு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பட்டாணி இவனுக்குப் பிடிக்குமேடே."

"அது பட்டாணியில வளரல சார். துணைக்கு வந்ததுங்களத் தின்னு வளர்ந்தது. இப்ப பட்டினி கிடக்குது."

சார் எழுந்து போய் ஃபில்டரைக் கழற்றி எடுத்தார். பின்னால் வெறும் கண்ணாடி. ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் பூஜை ரூம்ல இருக்கேன். நீ என்ன செய்தேன்னு எனக்குத் தெரியாது. என்ன?"

கதவு சாத்திக்கொண்டது. பதிகம் கேட்டது. நான் ஓடிப்போய் இறால் வாங்கிவந்து உரித்து ஒரு துண்டைப் போட்டேன். சாந்தமூர்த்தி கோணலாக எழும்பி வந்தது. உள்ளே பதிகம் சட்டென்று நின்றது.

"தின்னுட்டானா?"

"தின்னுட்டான் சார்."

பதிகம் முன்னைவிட உரக்கத் தொடர்ந்தது.

இப்போது தொட்டியில் முதலைத்தோல் போர்த்த, கண்ணாடிப் பாசியை உறிஞ்சித் தின்னும் பெரிய சக்கர் மீன் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் படித்துச் சொன்ன இந்தப் பொருத்தத்தைச் சார் தாமே கண்டுபிடித்ததாகக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் பக்கத்துத் தாபோடிப் பகுதியில் முட்டைக்கு அனுமதியுள்ள அறைக்கு வந்துவிட்டேன். ஞாயிறு காலையில் பையில் இறாலோடு ஔந்துக்குப் போகிறேன். என் வண்டிச் சத்தம் கேட்டதுமே சார் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கூடத்து மேஜையில் இரண்டு டம்ளர் காபி ஆவி பறக்க இருக்கும்.