ராஜமாதாவாக ராணியம்மாவின் சிலை

ஒரு கலைஞரின் கலைவாழ்வு எப்போது நிறைவடைகிறது என்பது மனித குலம் நெடுங்காலமாக விடை காணாமல் திணறிய கேள்வி. நாடகக் கலை வளர்ப்பு மன்றத்தின் நிர்வாகக் குழு அதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில், விடை கண்டது. நடிகை ராணியம்மாவின் கலைவாழ்வு நிறைவடைந்துவிட்டது. எதிர்ப்பு இல்லை. ராணியம்மா அந்த நேரம் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆகவே அவரைக் கேட்கும் சிரமம் மன்றத்துக்கு ஏற்படவில்லை.

நிறைவடைந்தவர்களுக்குச் சிலை வைப்பது மன்றத்தின் வழக்கம். அரங்கின் முன்கூடத்தில், டிக்கெட் ஜன்னலுக்கும் கழிவறைக் கதவுக்கும் இடைப்பட்ட சிறப்பான இடத்தில், கருங்கல்லில் ஆளுயரத்துக்கு ராணியம்மா எழுந்து நின்றார். திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய குரலைப் புகழ்ந்தார்கள். மணி என்றார்கள், இடி என்றார்கள். புகழ்ந்து முடிக்கவே நேரமாகிவிட்டதால் ராணியம்மாவிடம் மைக் வந்து சேரவில்லை.

அந்தக் குரலுக்கு ஓர் ஆசை உண்டு. பழைய செய்யுள் நாடகம் ஒன்றில், அரசனான மகனை நிறைந்த சபையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் ராஜமாதா வேடம். இருபது வயதில் கேட்டுப் பார்த்தார். முகத்தில் பால் வடிகிறது, போய்த் தோழி வேடம் கட்டு என்றார்கள். முகம் முற்றுவதற்குள் சினிமா கூப்பிட்டது. அங்கே அவருக்கு வாசற்படியில் நின்று அழும் வேலை. படம் மாறினாலும் வாசற்படி மாறவில்லை. தன்னைவிட மூத்த கதாநாயகர்களையெல்லாம் பெற்று வளர்த்தார். அந்தப் பிள்ளைகள் காலில் விழுந்து ஆசி வாங்கினால், திரும்பத் தூக்கி நிறுத்த ஆள் வர வேண்டியிருந்தது.

இப்போது மன்றமே அந்தச் செய்யுள் நாடகத்தை மேடையேற்றப் போகிறது என்று செய்தி வந்தது. ராணியம்மாவுக்கு வயது வேடத்துக்கென்றே அளந்து தைத்தது போல வந்து சேர்ந்திருந்தது. வசனம் தூக்கத்தில்கூட வரும். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனார்.

செயலாளர் எழுந்து வணங்கினார். நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துப் போட்டார். பிறகு சிக்கலை விளக்கினார். முன்கூடத்தில் ராணியம்மாவை எவரும் காசில்லாமல் பார்க்கலாம். அதே ராணியம்மாவை உள்ளே டிக்கெட் போட்டுக் காட்டினால் மன்றத்தின் நேர்மை என்ன ஆகும்? தவிர, நிறைவடைந்ததை மறுபடி ஆரம்பிக்க விதியில் இடமில்லை.

"அப்போ அந்த வேஷம் யாருக்கு?" என்றார் ராணியம்மா.

"உங்களுக்குத்தாம்மா. வேற யாருக்குத் தகுதி இருக்கு? அதனாலதான் அந்த வேஷத்துக்கு உங்க சிலையையே போட்டுட்டோம்."

பக்கத்தில் இருந்த இளம் இயக்குநர் பெருமிதத்தோடு தலையசைத்தார். அவர் ஏதோ ஒரு பயிலரங்கில் 'உறைநிலை நடிப்பு' பயின்று வந்தவர். நடிகர் அசைந்தால் பாத்திரம் சிந்திவிடும் என்பது அந்தக் கலையின் சாரம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை. இந்தச் சிலை ஒன்றுதான் சொல்லாமலே பிடித்துக்கொண்டது என்றார். அதிகம் மன்றாடிய பிறகு, திரைக்குப் பின்னால் நின்று வசனம் மட்டும் பேச ராணியம்மாவுக்குக் 'கருணை அடிப்படையில்' அனுமதி கிடைத்தது.

அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. அக்காவுக்குத் தலை வாரிவிட்டபடி, அந்தக் கல்லை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதே, சோறு கேட்காது என்பதால் எனக்கே அதன்மேல் பாசம் வந்துவிடும் என்றார்.

"குரலாவது என்னோடதா இருக்கட்டும்னு கேட்டு வாங்கியிருக்கேன்டி."

"உன் குரலை நீயே கேட்டு வாங்கினியா? நல்லா இருக்குக்கா."

ஒத்திகை மிகுந்த கட்டுப்பாட்டோடு நடந்தது. சிற்பி ஏதோ சினிமாப் படத்தைப் பார்த்துச் செதுக்கியிருந்ததால் சிலைக்கு வயது போதவில்லை. ஒப்பனைக்காரர் அதன் கூந்தலில் சுண்ணாம்பு தடவி, நெற்றியில் கரியால் கோடு இழுத்தார். நிஜமான நரையும் சுருக்கமும் திரைக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தன. ராணியம்மா முதல் வசனத்தைப் பேசியதும் இயக்குநர் கையைத் தூக்கினார்.

"அம்மா, அவங்க முகத்தைக் கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. அவங்க வாய் மூடியிருக்கு. நீங்க பாட்டுக்குத் திறந்து பேசினா ஒட்டவே இல்ல."

"வாயை மூடிக்கிட்டு எப்படிப்பா பேசறது?"

"முயற்சி பண்ணுங்க. அவங்க எவ்வளவு அழகா பண்றாங்க பாருங்க."

ராணியம்மா முயன்றார். ஈ மொய்ப்பது போல ஒரு சத்தம் வந்தது. இயக்குநர் அதை ஒரு முன்னேற்றமாகக் கருதினார். ஒவ்வொரு நாளும் வசனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப்பட்டு, கடைசியில் ஒரே ஒரு முனகல் மிஞ்சியது.

முதல் நாள் அரங்கு நிரம்பி வழிந்தது. சக்கரப் பலகையில் சிலையை உள்ளே தள்ளி வந்தபோது எழுந்த கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. எத்தனை நிதானம், எத்தனை அடக்கம் என்று முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொதுவாக இந்த வயதில் கை நடுங்கும், இவருக்கு அதுகூட இல்லையே என்று ஒரு விமர்சகர் பக்கத்து இருக்கைக்காரரிடம் வியந்தார். சபைக் காட்சி வந்தது. அரசனாக நடித்தவர் கல்லின் முன் நின்று, கையிலிருந்த ஓலையைப் பார்த்துத் தீர்ப்பைப் படித்தார். இப்போது முனக வேண்டும்.

ராணியம்மா முனகவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்கு வந்தார். சிலைக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்தார்.

"தீர்ப்பை ஓலையைப் பார்த்துச் சொன்னாய், மகனே. இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்."

குரல் கடைசி வரிசைச் சுவரைத் தொட்டுத் திரும்பியது. அரசனாக நடித்தவர் கையிலிருந்து ஓலை கீழே விழுந்தது. அடுத்த வசனம் அவருக்கு மறந்துபோயிற்று. ஒத்திகையில் சொல்லித் தராத கண்ணீர் ஒன்று அவர் கன்னத்தில் இறங்கியது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர், மரியாதை குறையாமல், கையால் ஒதுங்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"யாரும்மா நீங்க, கொஞ்சம் நகருங்க. மறைக்குது. நாங்க ராணியம்மாவைப் பார்க்க வந்திருக்கோம்."

ஆமாம், ஆமாம் என்று அரங்கம் முழுவதும் ஆமோதித்தது. இத்தனை பக்தியுள்ள ரசிகர்களுக்கு முன்னால் எந்த நடிகைதான் உயிரோடு நிற்க முடியும்?