ஜாமீன் போட்ட அத்தான் எழுதுவது

அய்யா உண்டு.

தோஹாவில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கும் மச்சினன் வினோஜுக்கு, உன் அக்காளைக் கட்டிய ஒரே காரணத்தால் உனக்கு அத்தானாகிப்போன சுயம்புராஜ் குலசேகரத்திலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா வடிவும் மகள் அபிதாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன், மனதில் அப்படி ஒன்றும் இல்லை. நீ போனை எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீலக் குறி மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பேப்பரில் திட்டுகிறேன். மடித்து வைத்தாலும் திட்டு உள்ளேயே கிடக்கும் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பேச்சிப்பாறை போகிற வழியில் ஒருவருடைய ரப்பர் தோட்டத்தைப் பால்வெட்டுக்குக் குத்தகை எடுத்திருக்கிறேன். கையில் இருந்ததெல்லாம் முன்பணத்துக்கே போய்விட்டது. இனி ஜூனில் இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியாக வேண்டும். கட்டினால் மழையிலும் பால் வெட்டலாம். கட்டாவிட்டால் சிரட்டையில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர்தான் நிறையும், நான் தோட்டத்து வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், தோட்டக்காரருக்குக் கொடுத்த பணமும் போச்சு, அபிதாவின் காலேஜும் போச்சு. பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் கூலிக்குமாக நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும். நகையை அடகு வைக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே. வடிவின் நகை உன் விசாவுக்காக அடகுக்குப் போனது இன்னும் திரும்பவில்லை.

சரி, பேங்கில் பெர்சனல் லோன் கேட்கலாம் என்று வெள்ளை வேட்டி கட்டி நாகர்கோவிலில் ஒரு பெரிய பேங்குக்குப் போனேன். உள்ளே ஏசிக் குளிரில் பல் கிட்டியது. கழுத்தில் பட்டை தொங்கவிட்ட ஒரு பையன் என் பான் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், உங்க ஸ்கோர் ஐந்நூத்தி இருபது” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம அபிதாவே பிளஸ் டூவில் அறுநூறுக்கு நானூற்று எண்பதுதான் வாங்கினாள். “அப்போ நல்ல மார்க்குல்லா மக்கா? லோன் எப்போ கிட்டும்?” என்று கேட்டேன். “சார், இது தொள்ளாயிரத்துக்கு. நீங்க ரிஜெக்ட்” என்றான். பக்கத்து மேஜையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் பொறந்து இன்னிக்கு வர ஒரு பேங்குலயும் கடன் வாங்கினதில்ல, பின்ன நான் எப்பிடிடே பெயிலாவேன்?” என்று சத்தம் போட்டேன். செக்யூரிட்டி ஓடி வந்தான். அந்தப் பையன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அதில் இருந்தது உன் பைக்கு!

ஏலே, அந்த பைக்குக்கு நான் ஜாமீன் போட்டது ஞாபகம் இருக்கா? “ஒரு ஒப்பு போட்டா மதி அத்தான், சும்மா பேருக்குத்தான்” என்று பரோட்டா வாங்கித் தந்து நீ சொன்னாயே, அந்தக் கையெழுத்துதான். பரோட்டா காசையும் நான்தான் கொடுத்தேன். நீ நாலு தவணை கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். பைக்கைப் பிடித்துக்கொண்டு போக வந்த ஆட்களே அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இத தூக்குற வண்டி வாடகைக்கே தேறாதுங்க” என்று போய்விட்டார்கள். இப்போது அது எங்கள் விறகுப்புரையில் நிற்கிறது, சீட்டில் கோழி அடைகாக்கிறது. கோழிக்குக் கூடு, உனக்கு தோஹா, எனக்குக் கெட்ட பேர். இது என்ன நியாயம்?

இன்னொரு பேங்குக்குப் போனேன், அங்கேயும் அதே ஸ்கோர், அதே பைக்கு. ஆனால் அவர்கள் இல்லை என்று சொல்லி அனுப்பிய மறுநாளிலிருந்து அதே பேங்கின் பெண் ஒருத்தி தினமும் போன் பண்ணி, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வாடிக்கையாளர், உங்களுக்கு ஐந்து லட்சம் லோன் தயாராக இருக்கிறது என்கிறாள். “தயாரா இருந்தா கொண்டு வாம்மா” என்றால் பேங்குக்கு வரச் சொல்கிறாள், பேங்குக்குப் போனால் வெளியே போகச் சொல்கிறார்கள். அந்த ஆத்திரத்தில் போனில் ஏதோ ஒரு லோன் ஆப்பைத் திறந்தேன். அபிதா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். “அப்பா, இது உங்க போன்ல இருக்க எல்லா நம்பரையும் எடுக்கும். தவணை முடங்கினா ஒவ்வொருத்தருக்கா விளிச்சு அசிங்கப்படுத்துவானுவ” என்றாள். என் போனில் முதல் நம்பர் உன்னுடையது. உன்னை விளித்து நீ எடுத்துவிட்டால் அவனுக்கு நானே மாலை போடுவேன்.

பிறகு ராஜகுமார். வட்டிக்குக் கொடுக்கிறவன், நமக்குத் தூரத்துச் சொந்தம். நாற்பது கேட்டால் முப்பத்து நாலுதான் கையில் தருவானாம், பாக்கி முதல் மாத வட்டியாம், கூடவே ஒன்றும் எழுதாத முத்திரைத்தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். “நியாயமான வட்டிதான் மாமா, நீங்க நம்ம ஆளுல்லா” என்றான். “நம்ம ஆளுக்கே இதுன்னா, வேற ஆளு வந்தா தோல உரிச்சு உப்பு தடவுவியாலே?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவன் கொடுத்த சாயாவைக்கூடக் குடிக்கவில்லை. அதற்கும் வட்டி போடுவான்.

கடைசியில் வடிவுதான் நம்ம ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகச் சொன்னாள். நான் பங்கு எடுத்து உறுப்பினராகி எத்தனையோ வருடம், அங்கே உரம் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். செயலாளர் அம்மா நேசபாய் ஸ்கோரைப் பற்றிப் பேசவே இல்லை. எத்தனை மரம், ரப்பர் ஷீட்டை எந்தக் கடைக்குப் போடுகிறீர்கள், எப்போது பணம் வரும் என்று கேட்டார்கள். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று தாளில் எழுதி அவர்களே வாசித்தும் காட்டினார்கள். அடைக்க அடைக்க வட்டி குறையுமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “எல்லாம் சரிதான் அண்ணே, இன்னொரு உறுப்பினர் ஜாமீன் மட்டும் போடணும்” என்றார்கள். வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

யாரிடம் போய்க் கேட்பேன்? என் ஷீட்டை எடுக்கிற கடைக்காரர் சிலுவையும் சங்கத்து உறுப்பினர்தான், அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டே, “நீ முடங்கினா எனக்க பேருல்லா கெடும் சுயம்பு?” என்றார். “நான் முடங்க மாட்டேன், நான் என்ன வினோஜா?” என்றேன். “வினோஜும் உனக்கிட்ட இதத்தான் சொல்லியிருப்பான்” என்றார். நாலு பேர் நிற்கிற கடையில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பிறகு ஒப்பு போட்டுத் தந்தார், அது வேறு விஷயம்.

ஆகவே கேள். பைக்குக் கடனை உடனே அடை. அடைக்காமல் என் வீட்டுப் படி ஏறாதே. என்னை அத்தான் என்று கூப்பிடாதே. உன் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. நாம் கும்பிடும் அய்யா உனக்கு நல்ல புத்தியையும், அதற்கு முன்னால் போனில் நல்ல சிக்னலையும் தரட்டும். உன் அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
ஐந்நூற்று இருபது மார்க்கு வாங்கிய
சுயம்புராஜ்

பின்குறிப்பு: திட்டு போதுமா என்று பார்க்க மேலே உள்ளதை அபிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுக்களையில் நின்ற வடிவு அழத் தொடங்கிவிட்டாள். உன் கம்பெனி நாலு மாதமாகச் சம்பளம் தரவில்லையாம், நீ ஒரு நேரம்தான் தின்கிறாயாம், என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். ஏலே, பட்டினி கிடந்துகொண்டு என் திட்டையெல்லாம் கேட்டிருக்கிறாயே, நீயெல்லாம் மனுசனா? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா? சங்கத்துப் பணம் இன்று விழுந்தது. பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறது என்று வடிவு சொன்னதால் அந்தப் பணத்தில் அபிதா உனக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். மீதிப் பணத்துக்குக் கூலி ஆள் வைக்க முடியாது, நீயும் நானும் சேர்ந்து கட்டினால் முக்கால்வாசி மரம் தேறும், சிலுவையின் பேர் கெடாது. மற்ற மரங்கள் இந்த மழைக்குச் சும்மா நிற்கட்டும். இதைத் தபாலில் போட நேரமில்லை, அபிதா படம் எடுத்து அனுப்புகிறாள், பின்குறிப்பை முதலில் வாசி. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் எங்கேயும் நகராமல் நில், நான் வருவேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வடிவு சோறு கட்டித் தருவாள், வண்டியில் ஏறியதும் அதைத் தின்னு.