மூன்று அங்குலம் இறங்கிய வண்டி

சேலையூர்,
23.11.1991

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் எலியேசர் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் தேவானந்தம் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் ஜெயசீலியும் சுகம். இருவருக்கும் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். ஜபல்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், மப்ளர் கட்டிக்கொள்ளவும்.

உங்கள் மோட்டார் சைக்கிளும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஆகையால் மீதியைப் பதறாமல் படிக்கவும். பட்டாளத்துக்குத் திரும்பும்போது சாவியை என் கையில் வைத்து, "மாப்ளே, ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தாலும் லீவுல வந்து வண்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் மச்சான், நீங்கள் ஆறடி. நான் ஐந்தடி ஒரு அங்குலம், அதுவும் செருப்போடு. வண்டி ஓடும்வரை நான் ராஜா; நின்றால் கால் எட்டாது. ரயில்வே கேட் போட்டால் நான் சாய்வேன் என்பது தினமும் பின்னால் நிற்பவர்களுக்கே மனப்பாடமாகி, பிடிப்பதற்குத் தயாராக இறங்கி வந்துவிடுவார்கள். எத்தனை நாள்தான் ஊரார் தாங்குவார்கள்? கேம்ப் ரோட்டில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக் மாரியிடம் போனேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வண்டி ஒசரமா கீது, நீ குள்ளமா கீற. உன்ன இழுக்க முடியாது, வண்டிய எறக்கலாம்" என்றார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஏதோ சின்ன வண்டியின் குட்டை ஜோடியை மாட்டினார். மூன்று அங்குலம் இறங்கியது. உங்களுடைய ஜோடியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இரண்டு குதிகாலும் தரையில். நிற்கத் தேவையில்லாத இடத்தில்கூட நின்று நின்று போனேன்.

சந்தோஷம் அந்த ஒரு நாள்தான். பின்பக்கம் தாழ்ந்ததால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது, ஹேண்டிலைத் திருப்பினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு, மாடி வீட்டு ஜெயவேலு சார் சாயங்காலம் காபி குடிப்பதைக் காட்டியது. அவர் எட்டிப் பார்த்து, "சார், டெய்லி லைட் அடிச்சுப் பாக்கறீங்களே, ஒரு டம்ளர் உங்களுக்கும் அனுப்பட்டுமா?" என்றார். சைடு ஸ்டாண்டு இப்போது வண்டிக்கு நீளமாகிவிட, வண்டி சாயாமல் செங்குத்தாக நின்று, காற்றடித்ததும் அந்தப் பக்கமாக விழுந்து அவருடைய செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜார், இடப்பக்கம் இருக்கிறதே, சேலை கட்டியவர்கள் கால் வைக்கும் கம்பி, அது இடது பக்கம் சாய்ந்தாலே தரையில் தேய்ந்து தீப்பொறி கிளப்பியது. ஆகவே நான் இடது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டேன். மூன்று தடவை வலது பக்கம் திரும்பினால் இடது பக்கம் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்தேன். அப்படி ஒரு நாள் தபாலாபீசுக்குக் கிளம்பியவன், ஒரு சந்து முட்டுச்சந்தாக இருந்ததால், கோவிலம்பாக்கம் வரை போய் ஸ்டாம்பு வாங்கி வந்தேன்.

பத்தாம் தேதி ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்களே, அதற்குக் கொடுக்க, வீட்டுக்குப் பின்னால் காய்த்த எட்டுக் கிலோ பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஜெயசீலி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். வண்டி இன்னும் அமுங்கிவிட்டது. ஆராதனைக்கு நேரமாகிவிட்டதால் முனையில் துணிந்து இடது பக்கம் திருப்பினேன். கம்பி தரையில் ஊன்றிக்கொண்டது, வண்டி திரும்பவில்லை, நேராக ரோட்டைக் கடந்தது, எதிரே பஸ். நான் போய் மணல் குவியலில் விழுந்தேன். பின்னால் ஆள் இல்லை. மச்சான், அந்த ஒரு நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. திரும்பிப் பார்த்தால், நடு ரோட்டில் பூசணிக்காயை அணைத்துக்கொண்டு ஜெயசீலி நிமிர்ந்து நிற்கிறாள், அவளுக்கு இரண்டு முழ தூரத்தில் பஸ். டிரைவர் ஜன்னலில் தொங்கி, "இன்னாம்மா, பஸ்ஸுக்குத் திருஷ்டி கழிக்கப் போறியா?" என்றார். நான் ஓடிப்போய் ரோட்டிலேயே அழுதேன். அவளோ, "வண்டி தாழ்வா இருந்ததாலதாங்க கால ஊனி எழுந்து நின்னுட்டேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே மாரியிடம் போய் உங்களுடைய பழைய ஜோடியை மாட்டிவிட்டேன். அப்பாடா! திரும்பி வரும் வழியில் வேண்டுமென்றே நான்கு தடவை இடது பக்கம் திரும்பினேன். ஸ்டாண்டு சரி, வெளிச்சம் ரோட்டில், ஜெயவேலு சாருக்கும் நிம்மதி. அன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடினேன். அதன்பின் கிட்டேகூடப் போகவில்லை, ஆபீசுக்கு பஸ்தான். நீங்கள் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து உங்கள் கையாலேயே திறந்து பார்த்து, ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை என்று சொன்னால் எனக்கு அதுவே போதும். நடந்ததை மன்னித்து வண்டியை எங்களிடமே விட்டுவைக்கவும். உங்கள் தங்கையை இனி அதில் ஏற்றமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் வண்டியையும் தவறாமல் நினைத்துக்கொள்ளவும்.

உங்கள் அன்பு மறவாத,
தேவானந்தம்

பி.கு. அண்ணா, ஜெயசீலி எழுதுகிறேன். ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நீ எனக்கு இந்த வண்டியை ஓட்டக் கற்றுக் கொடுத்ததும், கால் எட்டவில்லை என்று நான் அழுது விட்டுவிட்டதும் நம் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் தார்ப்பாய் போட்ட மூன்றாம் நாளே நான் வண்டியை மாரியிடம் தள்ளிக்கொண்டு போனேன். "பின்னால மட்டும் எறக்குனதுதான்க்கா தப்பு. முன்னாலயும் அதே அளவு எறக்குனா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். இரண்டு பக்கமும் இறக்கியாகிவிட்டது. ஸ்டாண்டை வெட்டியாயிற்று, சேலைக் கம்பியைக் கழற்றியாயிற்று. வேகத்தடையில் மட்டும் அடி தட்டாமலிருக்கக் குறுக்காக ஏற வேண்டும். தினமும் அவர் போனதும் காலனியை நாலு சுற்று சுற்றிவிட்டுத் தார்ப்பாயை மறுபடி போட்டுவிடுகிறேன். இடது பக்கமும் திரும்புகிறேன். நீ தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் நானே வண்டியில் வந்து கூட்டிப்போகிறேன், பின்னால் உட்கார்ந்துகொள். இதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு காலும் எட்டுகிறது, அண்ணா.